கத்திரி வெயிலில் ஓவர்க்ளாக்கிங்: கோவிலம்பாக்கம் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், அதன் பெட்டியிலேயே வந்த சின்னக் கூலர், பி450 மதர்போர்டு, மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாத ஓர் அறை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறீர்கள். ரெண்டர் ஆகும் நேரத்தைக் குறைக்க ப்ராசஸரை 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்க்ளாக் செய்யலாமா, அதாவது தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றலாமா, செய்தால் சூட்டில் எரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேடவாக்கத்திலும் கீழ்க்கட்டளையிலும் தாம்பரத்திலும் இதே கேள்வியோடு பல பேர் இருப்பார்கள். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரியாது. ஆனாலும் அந்தக் கூலரோடு, அந்த அறையில், கோடையில் ஏற்ற வேண்டாம். நீங்கள் பார்த்த வீடியோக்களில் சொல்லப்படும் எண்கள் 20, 22 டிகிரி இருக்கும் அறைகளில் எடுத்தவை. உங்கள் அறை அந்த அறை அல்ல. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான். எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ப்ராசஸருக்குள் சூடு எங்கிருந்து வருகிறது? கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் துளியளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. வேகத்தை எத்தனை மடங்கு ஏற்றுகிறீர்களோ சூடும் அத்தனை மடங்கு ஏறும். அதோடு நின்றால் பரவாயில்லை. வேகம் கூடும்போது டிரான்சிஸ்டர்கள் தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் ஏற்றியாக வேண்டும். வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். உங்கள் ப்ராசஸரில் ஆறு கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது சுமார் 4.4 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 4.7 ஆக்கினால் வேகம் 7 சதவீதம் கூடும். அதற்காக வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால், 1.07-ஐ 1.21-ஆல் பெருக்க வேண்டும். சூடு ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். 7 கேட்டதற்கு 30 கொடுக்கிறோம். ஒரு மணி நேர ரெண்டர் 56 நிமிடத்தில் முடியும். நமக்கு மிச்சமாவது அந்த நான்கு நிமிடம்.

அந்தச் சூடு பிறக்கிற இடமும் மிகச் சிறியது. 5600எக்ஸில் கோர்கள் இருக்கும் சில்லின் பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர், சுண்டு விரல் நகம் அளவு. ப்ராசஸர் முழுவதற்கும் தொழிற்சாலை வைத்திருக்கும் உச்ச வரம்பு 76 வாட். அதில் 60 வாட் அந்தச் சில்லில் மட்டும் செலவாகிறது என்று கொண்டாலும், சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட் ஆகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1000 வாட் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றால் அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். அதைப்போலப் பதினைந்து மடங்கு அடர்த்தியான சூட்டை இங்கே ஒவ்வொரு நொடியும் இழுத்து வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. தெர்மல் பேஸ்ட், ஹீட்சிங்க், விசிறி எல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

ஹீட்சிங்க் குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டை அறைக் காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ப்ராசஸர் அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதைத்தான் ஒரு கூலரால் தீர்மானிக்க முடியும். கணக்குக்காக, உங்கள் கூலர் முழு வேலையில் ப்ராசஸரை, தான் உள்ளிழுக்கும் காற்றைவிட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று எடுத்துக்கொள்வோம். பெர்லினில் 22 டிகிரி அறையில், கேபினட்டைத் திறந்துவைத்து ஒருவர் சோதித்தால் 72 காட்டும். 30 சதவீதம் சூட்டை ஏற்றிய பிறகு அந்த 50 என்பது 65 ஆகும். அப்போதும் 87 டிகிரிதான். இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லை 95. அவர் நிம்மதியாக வீடியோ போட்டுவிடுவார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

இப்போது அதே எண்களைக் கோவிலம்பாக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். சென்னையில் மே மாதச் சராசரி உச்ச வெப்பம் 37, 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்துக்கு அருகில் இருக்கும் மீனம்பாக்கம் வானிலை நிலையம் கோடையில் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிடக் கூடுதலாகவே காட்டும், கடற்காற்று அங்கே வந்து சேரத் தாமதமாவதால். மொட்டை மாடிக் கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். உங்கள் அறைக் காற்று 36 டிகிரி என்று வையுங்கள். கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து இன்னும் ஐந்து டிகிரி ஏற்றும். கூலர் உள்ளிழுக்கும் காற்றே 41. அதோடு 50 சேர்ந்தால் 91. எதையும் ஏற்றாமலேயே எல்லைக்கு நான்கு டிகிரி தூரத்தில் நிற்கிறீர்கள். ஓவர்க்ளாக் செய்தால் 41-உம் 65-உம் சேர்ந்து 106 என்கிறது கணக்கு. ப்ராசஸர் அதுவரை போகாது. 95 வந்ததுமே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4.7-க்கு ஆசைப்பட்டு ஏற்றிய இயந்திரம் பிற்பகல் மூன்று மணிக்கு, ஏற்றாத இயந்திரத்தைவிட மெதுவாக ஓடும்.

“மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். மின்விசிறி நமக்குக் குளிர்ச்சி தருவது வியர்வையை உலர்த்துவதால். அறைக் காற்றின் வெப்பத்தை அது ஒரு டிகிரிகூடக் குறைப்பதில்லை. ப்ராசஸருக்கு வியர்ப்பதில்லை. 36 டிகிரிக் காற்று அதற்கு 36 டிகிரிதான்.

இந்தக் கணக்கைப் போட்டே வாழ்கிற இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிறுசேரி சிப்காட்டில் இருக்கும் தரவு மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷ்ரே என்னும் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம், சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. உலகம் முழுக்க இந்தத் துறை கையில் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். அங்கே இருக்கும் ப்ராசஸர்களை யாரும் ஓவர்க்ளாக் செய்வதில்லை. அப்படியிருந்தும் காற்றின் சூட்டுக்கு அவ்வளவு கவனம் கொடுக்கிறார்கள். நாம் 41 டிகிரிக் காற்றை ஊட்டிக்கொண்டு கூடுதல் வேகமும் கேட்கிறோம்.

ஓவர்க்ளாக்கிங் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் அதில் நியாயமான லாபம் இருந்தது. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது 450-இல் ஓடியது. பாதிக்குப் பாதி வேகம் இலவசம். தொழிற்சாலைகள் அந்த நாளில் பெரிய இடைவெளியைப் பாதுகாப்புக்கென விட்டுவைத்திருந்தன. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக அதற்கு வேண்டிய வோல்டேஜும் குறையும், சூடு கூடாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974-இல் வகுத்துக் கொடுத்த வழி அப்போது கைகொடுத்துக்கொண்டிருந்தது.

2004 வாக்கில் அந்த வழி அடைபட்டது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதானதும், மூடியிருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது. சூடு கூடினால் கசிவு கூடும், கசிவு கூடினால் சூடு கூடும். பென்டியம் 4 அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்திருந்த இன்டெல் 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அதே மாதம் ஒரு தொழில் மாநாட்டு மேடையில் அந்த நிறுவனத்தின் தலைவர் கிரேக் பாரெட் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகுதான் ஒரே கோரை விரட்டுவதை விட்டுப் பல கோர்களை வைக்கும் காலம் வந்தது.

அடுத்து ஒன்று நடந்தது. உங்களுக்கு முக்கியமானது அதுதான். நாம் கையால் செய்துகொண்டிருந்த ஓவர்க்ளாக்கிங்கைத் தொழிற்சாலையே செய்யத் தொடங்கியது. இன்டெலின் டர்போ பூஸ்ட் 2008-இல் வந்தது. ரைசனில் ஏஎம்டி ப்ரிசிஷன் பூஸ்ட் என்று 2017-இல் கொண்டுவந்தது. வெப்பம், மின்னோட்டம், வோல்டேஜ் மூன்றையும் நொடிக்குப் பல முறை அளந்து, இடம் இருக்கும்வரை ப்ராசஸர் தானே ஏறுகிறது. உங்கள் 5600எக்ஸ் 3.7 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்று பெட்டியில் இருக்கும். ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது 4.6 வரை போகும். அந்த 3.7-க்கும் 4.6-க்கும் நடுவில் இருப்பதுதான் பழைய ஓவர்க்ளாக்கர்கள் தேடிய புதையல். அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மிச்சமிருப்பது அடிமண்டி.

தொழிற்சாலையே அந்த அடிமண்டியைக் கிளறினால் என்ன ஆகும் என்பதை 2024-இல் உலகம் பார்த்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், குறிப்பாக உயர்ரக ஐ9 வகைகளில், விளையாட்டுகள் பாதியில் நிற்கின்றன, கம்ப்யூட்டர் நிலைகுலைகிறது என்று புகார்கள் குவிந்தன. ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்குகிறது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள்கட்டளைகள்) திருத்தம் அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் கட்டியது. கோருக்குள் க்ளாக் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று ஒன்று, கூடுதல் வோல்டேஜும் கூடுதல் வெப்பமும் சேர்ந்தால் சீக்கிரம் மூப்படைகிறது என்று செப்டம்பரில் காரணத்தையும் சொன்னார்கள். சில மதர்போர்டுகள் இன்டெலின் வரம்பைத் தாண்டி மின்சாரம் கொடுத்ததும் காரணங்களில் ஒன்று. வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே மூப்படைந்த சில்லை எந்தத் திருத்தமும் பழையபடி ஆக்காது. அதற்கு முந்தைய வருடம், 2023-இல், ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில மதர்போர்டுகளில் கருகிப்போனபோது ஏஎம்டி, ப்ராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3-க்கு மேல் போகவிடாமல் பூட்டியது. ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் சோதனைக்கூடங்களும் உள்ள நிறுவனங்களுக்கே எல்லை எங்கே என்பது பிடிபடாமல் போயிருக்கிறது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஓர் எண்ணை ஏற்றும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

எரியாது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸர்களின் ஹீட்சிங்க்கைக் கழற்றி வீடியோ எடுத்தது. ஏஎம்டியின் ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. இன்று எல்லா ப்ராசஸர்களிலும் அந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. எல்லையைத் தொட்டால் வேகம் குறையும். அதையும் தாண்டினால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். ஆகவே நெருப்புக்குப் பயப்பட வேண்டாம். சத்தமில்லாமல் வரும் மூன்று கேடுகளுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முதலாவது, தப்பாகப் போடும் கணக்கு. நிலைகுலைந்த ப்ராசஸர் ஒவ்வொரு முறையும் நீலத் திரை காட்டி நிற்பதில்லை. தப்பான விடையைச் சரியான விடை போலவே கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். 2021-இல் மெட்டா, கூகுள் நிறுவனங்களின் பொறியாளர்கள் தங்கள் சர்வர்களில் இப்படிப்பட்ட கோர்களைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 1.1-இன் 53-ஆம் அடுக்கு 156-ஐச் சற்றுத் தாண்டும். மெட்டாவில் ஒரு கோர் மட்டும் அதற்குப் பூஜ்யம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் கோப்புகள் காணாமல் போயின. அவை ஓவர்க்ளாக் செய்யாத ப்ராசஸர்கள். பழுது சில்லிலேயே இருந்தது. நாம் வோல்டேஜையும் வேகத்தையும் விளிம்புக்குத் தள்ளி, சூட்டையும் சேர்க்கும்போது அதே வகைத் தவறை நாமே வரவழைக்கிறோம். நீங்கள் கையாள்வது பிறருடைய கல்யாண வீடியோ. தாலி கட்டும் காட்சியில் பத்து ஃப்ரேம் சிதைந்துபோனால் அதை மறுபடி எடுக்க முடியாது. எனக்கு உங்கள் ப்ராசஸரைவிட அந்த வீடியோக்களைப் பற்றித்தான் கவலை.

இரண்டாவது, மூப்பு. சில்லுக்குள் இருக்கும் உலோகக் கம்பிகள் நானோமீட்டர் கணக்கில் மெல்லியவை. பாயும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். ஓரிடத்தில் பள்ளம் விழும், இன்னோரிடத்தில் மேடு கட்டும். இதற்கு மின்னோட்ட அடர்த்தியும் வெப்பமும் எப்படிக் காரணமாகின்றன என்பதை மோட்டரோலா நிறுவனத்தின் ஜேம்ஸ் பிளாக் 1960-களின் கடைசியில் சமன்பாடாக எழுதினார். அந்தச் சமன்பாட்டில் வெப்பம் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் ஏறினாலும் ஆயுள் நிறையக் குறையும். இன்று 4.7-இல் நன்றாக ஓடும் ப்ராசஸர் ஒன்றரை வருடத்தில் 4.6-க்கே தடுமாறலாம். அது சூட்டினால் வந்தது என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. விண்டோஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, மதர்போர்டு. எல்லோரும் ப்ராசஸரின் டிகிரியைப் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் விஆர்எம் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. விலை குறைந்த போர்டுகளில் அதன்மேல் ஹீட்சிங்க்கே இருக்காது. உங்களிடம் இருக்கும் சின்னக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்முக்கும் கொஞ்சம் காற்றுக் கிடைக்கிறது. லிக்விட் கூலர் வாங்கி மாட்டினால் அந்தக் காற்றும் நின்றுவிடும். ப்ராசஸர் குளிர்ந்து, போர்டு வேகும். மின்தேக்கிகளுக்கு, அதாவது கெப்பாசிட்டர்களுக்கு, ரிப்பேர் செய்பவர்கள் கையாளும் ஒரு பொது விதி உண்டு. எலக்ட்ரோலிடிக் வகையில் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் போர்டு ரிப்பேருக்கு உட்கார்ந்திருப்பவர்களிடம் உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் காட்டச் சொல்லுங்கள். நிறையக் காட்டுவார்கள்.

ஐஸ் தண்ணீரை வைத்துக் குளிரூட்டினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 2022 கடைசியில் ஐ9-13900கே ப்ராசஸரை திரவ ஹீலியத்தில் குளிர்வித்து 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்கள் என்பது உண்மைதான். அது சில நிமிடச் சாதனைக்கான விளையாட்டு. போர்டு முழுக்க ஈரம் புகாதபடி காப்பிட்ட பிறகே இறங்குவார்கள். நம் ஊரில் கோடைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் முத்து முத்தாகக் கோத்துவிடும். பனிநிலை 10 டிகிரியாக இருக்கும் வறண்ட ஊரில் 15 டிகிரித் தண்ணீரைக் குழாயில் ஓட்டலாம். அதையே இங்கே செய்தால் அந்தக் குழாயிலிருந்து மதர்போர்டில் சொட்டும். வெயில் ஒரு பக்கம் நம் எல்லையைச் சுருக்குகிறது, ஈரப்பதம் மறுபக்கம் சுருக்குகிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில் அளந்து பாருங்கள். சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரே வீடியோவை காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ரெண்டர் செய்யுங்கள். அறை வெப்பம், ப்ராசஸர் வெப்பம், விஆர்எம் வெப்பம், கிகாஹெர்ட்ஸ் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ப்ராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்தால் வருவது உங்கள் கூலரின் உண்மையான எண். நான் மேலே வைத்த 50, 5 இரண்டும் கணக்குக்கு. உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது காற்று. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிள் என்று ஆசாரி செய்து கொடுப்பதில், கேபினட்டை வைக்க மூன்று பக்கமும் அடைத்த ஒரு மரப் பெட்டி இருக்கும். பலர் அதற்குக் கதவும் போட்டிருப்பார்கள். அதிலிருந்து கேபினட்டை வெளியே எடுங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் அரை அடியாவது இடைவெளி விடுங்கள். முன்னால் உள்ளே இழுக்க ஒரு விசிறி, பின்னால் வெளியே தள்ள ஒரு விசிறி. ரிச்சி தெருவில் குறைந்த செலவிலேயே கிடைக்கும். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ ரயில் ஐந்தாம் வழித்தடப் பணி தொடங்கியதிலிருந்து உங்கள் பகுதியில் எவ்வளவு தூசி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் லாரிகள் கிளப்புவதும் சேர்ந்துகொள்கிறது. ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு நடுவே அது கம்பளம் போலப் படியும். மாதம் ஒருமுறை ப்ளோயர் பிடியுங்கள். அப்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். இவ்வளவையும் செய்தாலே பிற்பகல் வேகம் கூடியிருப்பதை உங்கள் நோட்டில் பார்ப்பீர்கள். அதன் பிறகும் பணம் இருந்தால் 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள ஒரு டவர் கூலர் வாங்குங்கள்.

மூன்றாவதாக, ஏற்றுவதற்குப் பதில் இறக்கிப் பாருங்கள். வோல்டேஜை ஏற்றினால் சூடு வர்க்கத்தில் ஏறும் என்றேன். இறக்கினால் வர்க்கத்தில் இறங்கும். பயாஸில் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் என்ற பகுதி இருந்தால் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று வைத்து ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். சோதனையில் தேறினால் மைனஸ் 15. தவறு வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் சூடு சுமார் 10 சதவீதம் குறையும். மிச்சமான அந்த இடத்தில் ப்ராசஸர் தானே கொஞ்சம் வேகமாக ஓடும். நம் வெயிலுக்கு ஏற்ற ஓவர்க்ளாக்கிங் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இதையும் சோதிக்காமல் விடக் கூடாது. வோல்டேஜ் அளவுக்கு மீறிக் குறைந்தாலும் கணக்குத் தப்பும்.

ரெண்டர் நேரம்தான் உங்கள் உண்மையான கவலை என்றால் வேறு வழியும் இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் வீடியோவைச் சுருக்கும் வேலையை கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் என்கோடருக்கு மாற்றுங்கள். எடிட் செய்யும்போது பெரிய கோப்புகளுக்குப் பதில் ப்ராக்ஸி கோப்புகளை வைத்து வேலை செய்யுங்கள். நான்கு நிமிடம் என்ன, அதைவிடப் பல மடங்கு மிச்சமாகும். நீண்ட ரெண்டர்களை விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும்படி வைத்துவிட்டுத் தூங்கலாம். அந்த நேரத்தில் அறை கொடுக்கும் டிகிரிகளை எந்தக் கூலர் கம்பெனியும் கொடுக்காது.

மின்சாரத்தையும் பாருங்கள். 30 சதவீதம் சூடு ஏறிய ப்ராசஸர் ஏறக்குறைய 100 வாட் இழுக்கிறது என்றால், தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கு போய்விடும். அந்த 100 வாட்டும் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சூடாக இறங்குகிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. சூடு என்பது ப்ராசஸருக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. மூன்று மணி வெயிலில் தலை கனத்து, வியர்வையில் நனைந்து வேலை பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் இயந்திரத்துக்கும் ஓய்வு கொடுங்கள், உங்களுக்கும் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓவர்க்ளாக் செய்துதான் பார்ப்பேன் என்றால், நான் தடுக்க மாட்டேன். அந்த ஆர்வம் நல்ல ஆர்வம். ஒரு ப்ராசஸரைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பதைவிட அதில் அதிகம் கற்றுக்கொள்ளலாம். மார்கழி, தை மாதத்தில், இரவு வெப்பம் 21, 22-க்கு வரும் நாட்களில் செய்யுங்கள். டவர் கூலர் மாட்டிய பிறகு செய்யுங்கள். ஏஎம்டி, ஓவர்க்ளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு வாரண்டி தருவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். வேலைக் கோப்புகள் அத்தனையையும் வேறு டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 25 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியிலும் ஓசிசிடி அல்லது ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டுத் தவறு வருகிறதா என்று பாருங்கள். 85 டிகிரி வந்தால் நிறுத்துங்கள். மாசி பிறந்ததும் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வாடிக்கையாளர் வேலையை ஓவர்க்ளாக் செய்த நிலையில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

அந்த ஆர்வத்தை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோகவும் ஆசைப்படுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் சென்னை ஐஐடி இருக்கிறது. பேராசிரியர் காமகோடியின் குழு அங்கே சக்தி என்ற ப்ராசஸர் குடும்பத்தை உருவாக்கியது. 2018-இல் அதன் சில்லு ஒன்று அமெரிக்காவில் இன்டெல் தொழிற்சாலையில் தயாராகி வந்தது. பின்னர் இந்தியாவிலேயே, சண்டிகரை அடுத்த மொகாலியில் இன்னொன்று தயாரானது. அந்த வடிவமைப்பின் மூலக் குறியீடு யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ப்ராசஸர் வடிவமைப்பவர்கள் இன்று வேகத்தைக் கேட்பதற்கு முன், அதற்கு எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். பயாஸில் எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் உங்களைப் போன்றவர்கள் அந்தக் கேள்வியோடு அங்கே போய்ச் சேர வேண்டும். 40 டிகிரி ஊரில் வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வியின் கனம் சொல்லாமலே புரியும்.

சித்திரை பிறப்பதற்குள் அளவு எடுத்துவிடுங்கள். கேபினட்டை மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்த மூன்று வேளை எண்களையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் அனுமதியோடு அதை மற்ற வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். நம் வெயிலில் எடுத்த எண்கள்தான் நம் ஊர்க்காரர்களுக்கு உதவும். அவற்றை வேறு யாரும் நமக்காக எடுத்துத் தரப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் நண்பன்